அறை எண் ஏழு

சீட்டு எழுதுவது என் வேலை.
பெயர், வயது, ஊர், என்ன தொந்தரவு.
கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் பள்ளிப்பட்டு.

யுகந்தர், பத்தொன்பது.
வீடு ஆந்திராவில், தறி இங்கே.
எந்த ஊர் போடட்டும் என்றேன்.
"எது சின்னப் பேரோ அதப் போடுங்க."
என்ன தொந்தரவு?
"பல்வலி" என்றான்
கன்னத்தைப் பிடிக்காமலே.

பல் வலிப்பவன் கை கன்னத்தை விட்டு இறங்காது.
பதினோரு மாதமாய் இந்த ஜன்னல், எனக்குத் தெரியும்.
ஆனாலும் பல்வலி என்றே எழுதினேன்.
சொன்னதை எழுதத்தான் சம்பளம்,
அதுவும் தற்காலிகம்.

பல் டாக்டர் ஏஞ்சலின் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு
வெகுநேரம் பேசவில்லையாம்.
சொத்தை இல்லை, வீக்கம் இல்லை,
கடைவாய் முழுக்கத் தேய்ந்து
அறுபது வயசுக்காரன் பல்.
"ராத்திரியெல்லாம் யாரோட சண்டை?"
தறிச் சத்தம் மேடம்.
"தறி நின்ன பிறகு?"

சீட்டின் பின்பக்கத்தில் எழுதி அனுப்பினார்:
பல்லில் குறை இல்லை. அறை 7.

ஏழு என்றால் இந்த ஊரில் யாருக்கும் ஒன்றும் புரியாது.
புரியாமல் இருக்கத்தான் அந்தப் பெயர்.
முன்பு பச்சை எழுத்தில் ஒரு போர்டு இருந்தது,
இளைஞர் மனநல என்று தொடங்கும்.
பஸ் ஸ்டாண்டிலிருந்தே படிக்கலாம்,
பஸ் ஸ்டாண்டில் எப்போதும் ஒரு சித்தப்பா நிற்பார்.
வந்த பிள்ளைகள் போர்டைப் பார்த்ததும்
மருந்துக் கடைக்கு வந்தவர்கள் போலத் திரும்பினார்கள்.
ஒரு புயலில் விழுந்தது.
மறுபடி மாட்டச் சொல்லிக் கடிதம் வந்தது.
ஆணி கிடைக்கவில்லை என்று பதில் போட்டோம்.
இன்னும் கிடைக்கவில்லை.

இப்போது அந்த அறையில்தான் எடை பார்ப்பது,
இரும்புச்சத்து மாத்திரை, கண்ணுக்கு எழுத்துப் பலகை,
முகப்பருக் களிம்பு.
களிம்புக்கு வந்த நிரோஷா
மூன்றாம் தடவை பருவைப் பற்றிப் பேசவே இல்லை.

ஆனால் அன்று வெள்ளி.
ஆலோசகர் வருவது செவ்வாய்.
நடுவில் நான்கு ராத்திரி.

திருவள்ளூர் போகலாம்: இரண்டு பஸ், ஒரு நாள் கூலி,
முதலாளிக்கு ஒரு பொய்.
நகரி போகலாம், மூக்கு மலை தாண்டுவதற்குள் வந்துவிடும்.
"அங்க எங்க பின்னம்மா நர்ஸ்" என்றான்.
பேச்சு அதோடு முடிந்தது.

போன் போட்டேன்.
மேடம் கும்மிடிப்பூண்டியில்
வேறொரு அறை ஏழில் இருந்தார்.
பத்தே நிமிஷம் என்றார்.
முகம் உறைந்து உறைந்து வந்தது.
தாளில் ஒன்பது கேள்வி, எல்லாம் தமிழ்.
இரண்டாவதிலேயே அவன் தெலுங்குக்குப் போய்விட்டான்.
ஏமீ தோச்சட்லேது.

"என்ன, போரடிக்குதாமா?"

நான் வெளியே போயிருக்க வேண்டும், விதி அது.
கதவுப் பிடியில் கை வைத்தபடி சொன்னேன்:
இல்ல மேடம், ஒண்ணும் தோணலயாம்.
படுத்தா தூக்கம் தோணல,
தட்டப் பாத்தா பசி தோணல,
நாளைன்னு ஒண்ணு இருக்கிறதாவே தோணல.

அவன் சொன்னது ஒரே வரிதான்.
மற்றது எங்கிருந்து வந்தது?
அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.
மறுக்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு ஜன்னலுக்கு வந்தேன்.
காய்ச்சல், காய்ச்சல், நாய்க்கடி,
கர்ப்பிணி ஒருத்தி, வரிசை போர்ட்டிகோ வரை.
பத்து நிமிஷம் நாற்பதானது.
போனைத் திருப்பித் தரும்போது சூடாக இருந்தது.
சனிக்கும் ஞாயிறுக்கும் கூப்பிட ஒரு எண்ணை
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனான்,
சாயக்கறை படாத இடமாய்ப் பார்த்து.

செவ்வாய் காலை ஐந்தாவது ஆள்.
என்ன தொந்தரவு?
"பல்லு."
எழுதினேன். பல்வலி, அறை 7.

மேஜை டிராயரில் இன்னொரு சீட்டு கிடக்கிறது.
வயது இருபத்தாறு என்று மட்டும் போட்டிருக்கிறேன்.
மேடம் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது
கேட்டுப் பார்க்க வேண்டும்.